அட்டைப்பெட்டியில் வந்த பாதி சைக்கிள்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. கடலைக்குக் களையெடுக்க ஆள் விட்டிருந்தேன். மத்தியானம் ஒரு போன். "சார், உங்க பேருக்கு ஒரு சைக்கிள் வந்திருக்கு. உங்க ஊருக்குள்ள எங்க வண்டி வராது. ஆலங்குடி வந்து எடுத்துக்கிறீங்களா?"

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் போட்ட ஆர்டர் அது. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் மூன்றரை கிலோமீட்டர். கத்திரிப்பூ கலரில், கியர் வைத்த ஒரு சைக்கிளைப் போனில் பார்த்து வைத்திருந்தாள். ஆன்லைனில் 6,800 ரூபாய். புதுக்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தால் அதே மாதிரி வண்டிக்கு 7,700 சொன்னார்கள். "மாமா, தொள்ளாயிரம் மிச்சம். வீட்டுக்கே வந்துரும்"னு மருமகன் சொன்னான். வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் டாடா ஏஸுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துக் கொண்டுவந்தேன்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே சைக்கிள் இல்லை, சைக்கிளின் சாமான்கள் இருந்தன. பின் சக்கரம் மாட்டிய பிரேம், தனியாக முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு, மட்கார்டு, இரண்டு பெடல், ஒரு பையில் நட்டு போல்ட்டு, இரண்டு சாவி, எறும்பு எழுத்தில் ஒரு தாள். போர் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவனுக்குச் சைக்கிள் ஒரு பெரிய விஷயமா என்று உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் சேர்ந்தது. பெடல் மட்டும் ஏற மறுத்தது. ஸ்பானரில் இரும்பு பைப்பைச் சொருகி முறுக்கினேன். ஏறியது, ஆனால் கொஞ்சம் கோணலாக.

மறுநாள் சாயங்காலம் மகள் கண்மாய்க் கரையில் ஓட்டிப் பார்த்தாள். வளைவில் ஹேண்டிலைத் திருப்பியிருக்கிறாள். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராகக் கரையிலிருந்து இறங்கிக் கருவேல முள்ளுக்குள் விழுந்தாள். முழங்காலில் நான்கு தையல். அவள் பெரிதாக அழவும் இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது, "நீங்கதானேப்பா மாட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வண்டியை எங்கள் ஊர் முக்கத்தில் இருக்கும் பாய் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருகினார். கையோடு வந்தது. பெடலைப் பார்த்தார். "வலது பெடலைக் கொண்டுபோய் இடது பக்கம் ஏத்தியிருக்கீங்க தம்பி. இடது பக்கம் எதிர்மரை. பைப்பைப் போட்டு முறுக்குனா மரை என்ன ஆகும்?" அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "கம்பெனிக்காரன் பாதி சைக்கிள்தான் அனுப்புவான். எப்பவுமே அப்படித்தான். மீதிப் பாதி எங்க வேலை."

எப்பவுமே அப்படித்தானா என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாம் ஓட்டும் இந்த வடிவச் சைக்கிள், அதாவது இரண்டு சக்கரமும் ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின் என்ற வடிவம், இங்கிலாந்தில் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியோடு நிலைபெற்றது. 1888-ல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். அங்கே செய்த வண்டிகள் கப்பலேறி இங்கே வந்தன. முழு வண்டியாக அனுப்பினால் கப்பலில் இடம் அடைக்கும். அதனால் பிரித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது அந்தக் காலத்திலேயே வழக்கம். சைக்கிள் பெட்டியில் வருவது இப்போது வந்த புதுமை இல்லை.

நான் மரையைக் கெடுத்த அந்த எதிர்மரைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டு பெடலுக்கும் ஒரே மரை இருந்தால், மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்றுவிடும். அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், கழன்று விழாத பெடல் எங்களிடம் கிடைக்கும் என்று 1900-ல் விளம்பரம் செய்தார்கள். இடது பக்கத்துக்கு எதிர்மரை போட்டதுதான் விஷயம். மூன்று வருஷம் கழித்து அவர்கள்தான் விமானமும் விட்டார்கள். ரைட் சகோதரர்கள். சைக்கிள் கடைக்காரர்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

நம் நாட்டில் சைக்கிள் செய்யும் முயற்சி 1930-களின் கடைசியிலேயே கல்கத்தாவிலும் பம்பாயிலும் தொடங்கிவிட்டது. பெரிய அளவில் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. வெளிநாட்டு வண்டிகள் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் இங்கேயே கூட்டுச் சேர்ந்தன. எங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லாத செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார், 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது, பின்னால் பி.எஸ்.ஏ.வும் வந்தது. வங்காளத்து அசன்சோலில் ராலே. 1951-ல் ஹரியானா சோனிபத்தில் அட்லஸ். பிரிவினைக்குப் பிறகு லூதியானாவில் ஊன்றிக்கொண்ட முஞ்சால் சகோதரர்கள் முதலில் உதிரிபாகம் செய்து விற்றார்கள், 1956-ல் ஹீரோ என்று முழு வண்டிக்கு வந்தார்கள். முப்பதே வருஷம், 1986-ல் உலகத்திலேயே அதிகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டார்கள்.

இது கம்பெனிகளின் கதை. கம்பெனியிலிருந்து புறப்பட்ட வண்டி ஊருக்குள் எப்படி வந்தது என்பதுதான் பாய் சொன்ன அந்த மீதிப் பாதி.

அப்பா 1974-ல் சைக்கிள் வாங்கினார். கடலை வெள்ளாமை நன்றாக இருந்த வருஷம். இப்போது இருக்கும் பாயின் அத்தாதான் அப்போது கடை நடத்தினார். ஊரில் அவரைப் பெரிய பாய் என்பார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போனால் வண்டி கைக்கு வரச் சாயங்காலம் ஆகும். கடைக்கு வருவது பேப்பர் சுற்றிய பிரேம், வளையமாக ரிம், கட்டுக் கட்டாகப் போக்ஸ் கம்பி, தனித்தனியாக ஹப், செயின், பிரீவீல். பெரிய பாய் முதலில் ஆளைப் பார்ப்பாராம். கால் உயரத்தைப் பார்த்து 22 இஞ்ச் பிரேமா 24 இஞ்ச்சா என்று எடுப்பார். பிறகு ஹப்பில் கம்பி கோப்பார். முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40. பின்னால்தானே மூட்டை ஏறும், அதனால் பின்னால் கம்பி அதிகம். கோத்து முடித்ததும் சக்கரத்தைச் சுழலவிட்டு, பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே உரசுகிறதோ அங்கே கோட்டம். அந்த இடத்தில் உரசும் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, உரசாமல் ஓடும்வரைக்கும் விடமாட்டார். பிறகு கிரீஸ் வைத்துப் பால்ஸ் அடுக்குவார்.

அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவையும் பார்த்திருக்கிறார். கேரியர், ஸ்டாண்டு, மணி, டைனமோ எல்லாம் அவர் கேட்டுக் கேட்டுப் போட்டது. செயின் கவரில் பெயர் எழுதப் பெயிண்டர் வந்தார். கடைசியில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பாதிப் பணம் கையில், மீதி அடுத்த வெள்ளாமைக்கு. மூணு மாசம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாக் கம்பியையும் மறுபடி இறுக்கிக் கொடுத்தாராம். "புதுக் கம்பி தளரும்பா, அது நம்மகிட்டச் சொல்லாது"ன்னு சொல்வாராம்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. தொழிற்சாலையின் கடைசி அறை எங்கள் ஊர் முக்கத்தில் இருந்திருக்கிறது. நாம் கடைக்காரர் லாபம் என்று நினைக்கும் காசில் ஒரு பகுதி அந்த வேலைக்கான கூலி. அது பில்லில் தனியாக எழுதப்பட்டதே இல்லை. அதனால் அது இருந்ததும் நமக்குத் தெரியவில்லை, இல்லாமல் போனதும் தெரியவில்லை.

இதை எழுதும்போது பழைய கடையைத் தெய்வம் ஆக்கிவிடக் கூடாது. அதிலும் குறை உண்டு. விலை எழுதிப் போட்டிருக்காது. பழக்கமில்லாத ஆளுக்கு ஒரு விலை, பழகியவனுக்கு ஒரு விலை. சில கடைகளில் கம்பெனி டியூபை எடுத்துவிட்டு மட்டமானதைப் போட்டு அனுப்புவதும் நடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. காலனி ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போவதை நான் சின்ன வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அது எழுதாத சட்டமாக இருந்தது. அப்பாவுக்குக் கிடைத்த கடன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முழுப் பணம் வைத்தால்தான் வண்டி. பெரிய பாய் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கடன் நோட்டில் இருந்த பேர்கள் பெரும்பாலும் எங்கள் தெருப் பேர்கள். முகம் தெரிந்த கடை என்று நாம் ஆசையாகச் சொல்வதன் மறுபக்கம் இது. இன்றைக்குப் போனில் ஆர்டர் போடும் காலனிப் பையனிடம் நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

பெண்களுக்கும் அப்படித்தான். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷமே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதியதால் வெளி உலகத்துக்கும் தெரிந்தது. எங்கள் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூட மைதானத்தில், அப்பாவின் அந்த 74-ஆம் வருஷத்து வண்டியில்தான் பழகினாள். ஊரில் பேசாத பேச்சில்லை.

பழகிய பிறகு அவளுக்கென்று வண்டி வாங்கப் போனால் மாவட்டம் முழுக்க லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பல பெண்கள் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். அக்காவும் அப்படித்தான். இப்போது இருக்கும் பாய்தான் அவளுக்குப் பூட்டிக் கொடுத்தார். சீட்டைக் கடைசிவரை இறக்கி, பாவாடை மாட்டாமல் இருக்கச் செயினை முழுக்க மூடும் கவர் ஒன்றைத் தேடிப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா முல்லைப்பூ மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முன்னால் பாரில் துண்டைச் சுற்றி மகனை உட்கார வைத்துக்கொண்டு, கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் போவாள். பாரில் உட்கார்ந்து போன அந்தப் பையன்தான் இப்போது சென்னையிலிருந்து என் மகளுக்குச் சைக்கிள் அனுப்பியவன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். 1980-லேயே டி.வி.எஸ். 50 வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வீட்டுக்கு வீடு வரக் கொஞ்சம் காலம் பிடித்தது. வந்ததும் மூட்டை சுமக்கும் வேலை சைக்கிளைவிட்டுப் போனது. மணிக்கு ஐம்பது காசுக்கு நான் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய அரை வண்டிகளைப் பாய் ஒருநாள் எடைக்குப் போட்டார்.

2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-ல் அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படிக்கும் எல்லாருக்கும் ஆனது. எத்தனை பெண் பிள்ளைகள் அதனால் பன்னிரண்டாவது முடித்தார்கள் என்பதை எங்கள் ஊரிலேயே எண்ணிக் காட்டுவேன். பாய்க்குப் புது வண்டி வியாபாரம் அதோடு போனது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சைக்கிளைப் பிள்ளைகள் ஏறி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதில்லை. நேராகப் பாய் கடைக்கு உருட்டிக்கொண்டு வந்து, எல்லாத்தையும் ஒருமுறை இறுக்கி, பிரேக் பார்த்து, காற்றடித்த பிறகுதான் ஏறுவார்கள். அப்போதும் அந்த மீதிப் பாதி வேலை அவரிடம்தான் வந்தது. 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது. பாய் கடைச் சுவரில் அதன் தகர போர்டு இன்னும் தொங்குகிறது.

ஆன்லைனில் வாங்குவதும் அடியோடு புதுசு இல்லை. சாமானைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் வி.பி.பி. முறை நம் தபால் துறையில் 1877-லேயே வந்தது. இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குத் தாத்தா அது. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1890-களிலேயே கேட்டலாக் போட்டுச் சைக்கிளை ரயிலில் அனுப்பியது. தூரத்தில் இருப்பவனுக்கும் பட்டணத்து விலையில் சாமான் கிடைத்தது என்பது அதன் நல்ல பக்கம். என் மகள் கேட்ட கலர், அவள் உயரத்துக்கு ஏற்ற அளவு, கியர் எல்லாம் பாய் கடையில் கிடைக்காது என்பதும் உண்மை. அதனால் ஆன்லைனில் வாங்காதே என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது பாதிதான் என்று தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

என் கணக்கைச் சொல்கிறேன். மிச்சம் பிடித்தது 900. டாடா ஏஸ் 300. கெட்டுப்போன இடது கிராங்கை மாற்ற 380. பாய் முழு வண்டியையும் பிரித்துப் பூட்ட 300. ஆக 980. ஆஸ்பத்திரிச் செலவை இதில் சேர்க்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே பாயிடம் கொண்டுபோயிருந்தால் அந்த 380-ம் இல்லை, நாலு தையலும் இல்லை.

பட்டணத்தில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். உங்கள் தெருவிலும் மரத்தடியில் ஒருத்தர் பம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெட்டியோடு அவரிடம் போங்கள். கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். நீங்களே மாட்டுவதாக இருந்தால் இதை மட்டும் பாருங்கள். பெடலின் நுனியில் ஆர், எல் என்று எழுத்து இருக்கும், ஆர் வலதுக்கு, எல் இடதுக்கு. இரண்டையுமே விரலால் ஆறேழு சுற்றுத் திருக முடிய வேண்டும், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். முன் ஃபோர்க்கின் வளைவு முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன் சக்கரத்தை முழங்காலில் இடுக்கி ஹேண்டிலைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். ஒரு மாசம் கழித்து மறுபடி எல்லாவற்றையும் இறுக்குங்கள். பெரிய பாய் சொன்ன மாதிரி, தளர்ந்தது நம்மகிட்டச் சொல்லாது.

பாயின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கடைக்கு வரமாட்டார். "எனக்கப்புறம் பஞ்சர் ஒட்டவாச்சும் ஆள் வேணும்ல தம்பி"ன்னு பாய் அன்றைக்குச் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கடை மூடிவிட்டால், அடுத்த தடவை பெட்டி வரும்போது மரையைக் கெடுக்க நான் இருப்பேன், சரி செய்ய யார் இருப்பார் என்றுதான் ஓடியது.

பாய் வேலை செய்து முடிக்கும்வரை என் மகள் கட்டுப் போட்ட காலோடு அந்தப் பழைய பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறார், எதற்குச் செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் பாய் இடது பெடலை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே ஏத்து பாப்பா, எதிர்ப்பக்கமாத் திருகணும்" என்றார். விரலாலேயே ஏழு சுற்றுச் சுற்றி ஏற்றினாள். இப்போது அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன் சக்கரத்தை முழங்காலில் இடுக்கி ஹேண்டிலைத் திருகிப் பார்த்தாள். நான் மாட்டியதில்லை, பாய் மாட்டியதுதான். இருந்தாலும் பார்க்கிறாள். பார்க்கட்டும்.